பேரனை அடிப்பது தெரிந்தும் பாட்டி பேசாமல் இருந்தால் குற்றமா?

வணக்கம் மக்களே. கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனைக் குளிப்பாட்டும்போது முதுகில் பெல்ட் தடத்தைப் பார்க்கிறார் பாட்டி. அடித்தது மருமகன். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று எண்ணெய் தடவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். சட்டப்படி இந்தப் பாட்டி செய்தது குற்றம்!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: மலேசியாவில் 1991இல் சிறார் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2001 சிறார் சட்டம், 2016இல் திருத்தம். 18 வயது நிரம்பாத எல்லாரும் இதில் சிறார்தான்.

[திரையில்: 27, 28, 29]

இந்த மூன்று எண்களையும் பாருங்கள், 2001 சிறார் சட்டத்தின் பிரிவுகள் இவை. பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் உடனே புகார் செய்தாக வேண்டும் என்று 27ஆவது பிரிவு மருத்துவருக்குச் சொல்கிறது, 29 பிள்ளை பராமரிப்பவருக்குச் சொல்கிறது, நடுவில் இருக்கும் 28 நம் வீட்டுக்குச் சொல்கிறது. அப்பா அம்மா மட்டும் இல்லை, ஒரே வீட்டில் குடியிருக்கும் பாட்டி, சித்தப்பா, மாமா எல்லாரும் இதில் சேர்த்திதான். டாக்டருக்கு இருக்கும் அதே கடமை பாட்டிக்கும் இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது என் கருத்து, ஏனென்றால் டாக்டர் பிள்ளையின் முதுகைப் பார்ப்பது எப்போதாவதுதான், பாட்டி தினமும் பார்க்கிறார். ஆதாரம் திரட்டுவது அவர் வேலை இல்லை, சமூக நல இலாகா அதிகாரியிடம் சொன்னால் போதும்.

"சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே!" எல்லாருக்கும் இருக்கும் பயம்தான் இது. அப்படியே தற்காலிகமாகக் கொண்டுபோனாலும், மருத்துவமனையில் சேர்க்கும் நிலை இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோரிடம் நீதிமன்றம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம், தகுந்த ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம், அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அவரும் தாராளமாகச் சொல்லலாம்.

[திரையில்: தாலியான் காசே 15999]

புகார் சொல்வதற்கான உதவி எண் இது, 24 மணி நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்கு அந்த நிமிடமே ஆபத்து என்றால் 999. புளோக், மாடி, பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது, எதை எப்போது பார்த்தீர்கள், இவற்றைச் சொல்லுங்கள்.

அப்புறம் மக்களே, இந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பாட்டியிடம் கைப்பேசி இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.