ஆறு நாளில் ஐஸ்லாந்து: தென்கரை போதும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் ஆறு நாள் விடுமுறையில் குழுவாக ஐஸ்லாந்து கிளம்புகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, தீவை ஒரு முறை முழுசாகச் சுற்றிவிடலாமா என்பதுதான். சுற்றலாம். தீவை வளைத்துப் போகும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். தார்ச்சாலையில் வேக வரம்பு 90. காகிதத்தில் கணக்கு சரியாக வரும். ஆனால் அந்தப் பயணத்தில் பாதி நேரம் பஸ் ஜன்னலோடு போய்விடும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தென்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து கிழக்கே யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி வரை சுமார் 375 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் எரிமலையும் பனியாறும் ஒன்றின் மடியில் ஒன்று கிடக்கின்றன.

இந்த 375 கிலோமீட்டரையும் ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணங்களும் விற்பனைக்கு இருக்கின்றன. பதினான்கு மணி நேரம் ஆகும். அவற்றை வாங்காதீர்கள். குழு பஸ் ஓட்டுநருக்கு ஐரோப்பிய விதி இருக்கிறது: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சாலையில் பல பாலங்கள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான்; எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிட வேண்டும். இதையெல்லாம் கழித்தால் அருவிக்குப் பத்து நிமிடம், ஏரிக்கு அரை மணி நேரம் என்றுதான் மிஞ்சும்.

என் பரிந்துரை இது. முதல் இரவு ரெய்க்யாவிக். இரண்டாம் நாள் திங்வெட்லிர் பிளவுப் பள்ளத்தாக்கு, கேய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றையும் முடித்து, இரவு ஹ்வோல்ஸ்வோட்லுர். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கிர்க்யுபையார்க்லௌஸ்டுரில் இரண்டு இரவு. நீளமான பெயர், அங்கே சுருக்கமாகக் க்ளௌஸ்டுர் என்பார்கள். ஐந்தாம் நாள் ரெய்க்யாவிக்குக்குத் திரும்பல், ஆறாம் நாள் விமானம். ஒரே ஊரில் இரண்டு இரவு வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்றாம் நாள் காற்றுக்காகப் பனியாற்று நடையை ரத்துசெய்தால், நான்காம் நாள் ஸ்காஃப்டாஃபெட்ல் பனியாற்றுப் பகுதியில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். தினம் ஒரு ஊர் என்று ஓடும் குழுவுக்கு, ஒரு நாள் கெட்டால் அந்த நாள் போனது போனதுதான்.

கோடை என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். ஜூலையில் ரெய்க்யாவிக்கின் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். குளிரைவிடக் காற்றும் மழையும் சேர்ந்து வருவதுதான் ஆளை வாட்டும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர்புகாத ஜாக்கெட். கால்சட்டைக்கு மேலேயும் நீர்புகாத ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் காய நாள் முழுக்க ஆகும், அதுவரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடையைக் காற்று முதல் மணி நேரத்திலேயே உடைத்துவிடும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கண்ணை மறைக்கும் பட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ஜூன் 21 வாக்கில் ரெய்க்யாவிக்கில் சூரியன் மறையும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், மூன்று மணிக்கு முன்பே மறுபடி உதிக்கும். வானம் இருட்டாது. அதனால் ஜூன், ஜூலையில் வடதுருவ ஒளியும் தெரியாது. கோடைப் பயணத்தில் அதைக் காட்டுவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திங்வெட்லிரில் புவி மேலோட்டின் இரண்டு பெரும் பாளங்களான வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கின்றன. அப்படிப் பிளந்த பாறைச் சுவர்களுக்கு இடையேதான் 930-ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் பொது மன்றமான ஆல்திங் கூடத் தொடங்கியது. கேய்சிரில் பழைய பெரிய ஊற்று இப்போது அபூர்வமாகத்தான் பொங்குகிறது. பக்கத்தில் உள்ள ஸ்ட்ரோக்குர் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பீறிடும். எல்லோரும் உச்சியைப் படம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் வாயைப் பாருங்கள். ஆழத்தில் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும் மிகைச்சூட்டு நீர் மேலேறும்போது அழுத்தம் குறைந்து சட்டென்று நீராவியாகிறது. அந்த ஆவி மேல்நீரைத் தூக்க, ஒரே ஒரு கணம் கண்ணாடி போன்ற நீலக் குமிழ் ஒன்று எழும்பி நிற்கும். அது உடைந்த பிறகுதான் 15, 20 மீட்டர் உயரத்துக்கு நீர் போகும். காற்று நம் முதுகில் படும்படி நிற்க வேண்டும்; எதிர்ப்பக்கம் நின்றால் வெந்நீர் தலையில் இறங்கும். கயிற்றைத் தாண்டாதீர்கள், ஓடும் வாய்க்காலில் விரல் வைத்தும் பார்க்காதீர்கள்.

செல்யாலாந்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் இரண்டும் 60 மீட்டர் அருவிகள். முதலாவதின் பின்னால் புகுந்து வரலாம், முழுக்க நனைவீர்கள். உடை மாற்ற நேரம் ஒதுக்காத வழிகாட்டிதான் அடுத்த இடத்தில் நடுங்கும் குழுவை மேய்க்க வேண்டியிருக்கும்.

சோல்ஹைமாயோகுல் பனியாற்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். இந்தப் பயணத்தில் நேரத்தைக் கஞ்சத்தனமில்லாமல் செலவிட வேண்டிய இடம் இது. பனியில் நடக்க ஷூவுக்கு அடியில் இரும்பு முட்கள் கொண்ட கிராம்பான் கட்டுவார்கள். கணுக்காலை மூடும், அடி வளையாத மலையேற்ற ஷூ தேவை. ஓட்டப்பயிற்சி ஷூவின் அடி வளையும், கிராம்பான் கழன்றுவிடும். இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வாடகைக்குக் கிடைக்கும். நடக்கும்போது இரு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, முழுப் பாதத்தையும் ஒரே சமயத்தில் அழுத்தி ஊன்ற வேண்டும். சரிவில் நாம் வழக்கமாகச் செய்வதுபோல் பாதத்தின் ஓரத்தால் ஊன்றினால் பாதி முட்கள்தான் பனியைப் பிடிக்கும். விழுகிறவர்களில் பலர் வழுக்கி விழுவதில்லை. ஒரு கால் முள் மறு காலின் தொளதொளத்த கால்சட்டையில் மாட்டித்தான் விழுகிறார்கள். விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள்.

மேலே ஏறியதும் கறுப்பு மண்குவியல்கள் கூம்பு கூம்பாகத் தெரியும். வழிகாட்டி கோடரியால் ஒன்றைக் கீறிக் காட்டுவார். விரற்கடை அளவு கறுப்புச் சாம்பல், அதற்குக் கீழே முழுக்கப் பளிங்குப் பனி. மெல்லியதாகப் படிந்த சாம்பல் வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கும். கனமாகப் படிந்தால் போர்வையாக இருந்து உருகாமல் காக்கும். சுற்றிலும் பனி உருகித் தாழ, சாம்பல் மூடிய இடம் மட்டும் கூம்பாக நிற்கிறது. இந்தப் பனியாறு இறங்கிவரும் மிர்டால்ஸ்யோகுல் பனிக்கவிகையின், அதாவது மலைமேல் கவிந்த பெரும் பனிப்போர்வையின், அடியில்தான் கட்லா எரிமலை இருக்கிறது. அதன் கடைசிப் பெருவெடிப்பு 1918-இல். நீறு பூத்த நெருப்பு என்பதற்கு இதைவிட நேரான பொருள் இருக்க முடியாது. பனியாற்றின் முனையோ பின்வாங்கிக்கொண்டே போகிறது. ஹ்வோல்ஸ்வோட்லுர் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் வந்து அதை அளந்து குறிக்கிறார்கள்.

அடுத்தது ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரை. இங்கே நான் கண்டிப்பாகப் பேசுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கரையில் பயணிகள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஏழெட்டு அலை சாதுவாக வரும். திடீரென்று ஒன்று மிக உள்ளே ஏறிவந்து காலை வாரிவிடும். கடலடி சட்டென்று ஆழமாவதால் அலையின் வேகம் குறையாமல் கரை வரை வருகிறது. இறங்கும்போது காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். நீர் கடும் குளிர், கனத்த உடையோடு நீந்த முடியாது. எச்சரிக்கை விளக்கு சிவப்பாக இருந்தால் கீழே இறங்கவே கூடாது. மற்ற நேரத்திலும் ஈர மணல் கோட்டிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே குழுத்தலைவர் இதைச் சொல்லிவிட வேண்டும். இறங்கிய பிறகு காற்றின் இரைச்சலில் யார் காதிலும் விழாது.

விக் ஊரைத் தாண்டினால் எல்ட்ஹ்ராவுன். சாம்பல் பச்சைப் பாசி மெத்தையாக மூடிய எரிமலைக் குழம்பு வெளி. 1783 ஜூனில் லாக்கி எரிமலைப் பிளவு திறந்து எட்டு மாதம் கொட்டிய குழம்பு 550 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியது. குழம்பைவிட அதோடு வந்த வாயுவே அதிகம் கொன்றது. ஃபுளோரின் புல்லில் படிந்து ஆடுகளில் சுமார் எண்பது விழுக்காடு மடிந்தன. பின்தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். அந்தப் பாசியை மிதிக்காதீர்கள். ஒரு காலடித் தடம் ஆற ஆண்டுக்கணக்காகும்.

ஸ்காஃப்டாஃபெட்லுக்குப் போகும் வழியில் ஸ்கெய்தாரார்சாண்டுர் என்ற கறுப்பு மணல்வெளி வரும். சாலையோரம் முறுக்கிக் கிடக்கும் இரண்டு இரும்பு உத்திரங்களைக் காண்பீர்கள். அங்கே கட்டாயம் இறங்குங்கள். 1996 செப்டம்பர் 30-இல் வாட்னாயோகுல் பனிக்கவிகைக்கு அடியில் ஓர் எரிமலை வெடித்தது. உருகிய நீர் உடனே வெளியே வரவில்லை. பனிக்குள்ளேயே கிரிம்ஸ்வோட்ன் என்ற எரிமலைப் பெரும்பள்ளத்துக்குள் ஒரு மாதத்துக்கு மேல் தேங்கியது. நீர்மட்டம் ஏற ஏற, அணையாக நின்ற பனியையே அது மேலே தூக்கிவிட்டது. நவம்பர் 5-இல் வெள்ளம் இறங்கியது. உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் 17 லட்சம் கன அடிக்கு மேல். வீடு அளவு பனிப்பாறைகள் உருண்டு வந்து பாலங்களை உடைத்தன. அறிவியலாளர்கள் எதிர்பார்த்து எச்சரித்திருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இந்த மணல்வெளியின் ஆறுகளைத் தாண்ட முடியாமல்தான் தீவைச் சுற்றும் சாலை 1974 வரை முழுமையடையாமல் இருந்தது.

யோகுல்சார்லோன் ஏரி 1930-களில் பனியாறு பின்வாங்கியதால் பிறந்தது. இன்று ஆழம் சுமார் 250 மீட்டர். நிலத்திலும் நீரிலும் ஓடும் பெரிய படகு அரை மணி நேரத்துக்குமேல் சுற்றிக்காட்டும். சிறிய ரப்பர் படகு பனியாற்று முகப்புக்கு இன்னும் அருகே போகும். காற்று வலுத்தால் இரண்டுமே நிற்கும், அதனால் காலை நேரத்துக்குப் பதிவு செய்து மாலையைக் கைவசம் வையுங்கள். கரையோரம் மிதக்கும் பனிக்கட்டிமேல் ஏறிப் படமெடுக்காதீர்கள். பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில். சமநிலை மாறினால் அப்படியே புரளும். பயணப் பட்டியலில் கோடையில் இயற்கைப் பனிக்குகை என்று இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். உருகுநீர் உள்ளே ஓடிச் சுவரை அரிக்கும் பருவம் இது. 2024 ஆகஸ்டில் இதே பகுதியில் பனி இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக: சைவக்காரர்கள் கணக்கை விடுதிக்கு முன்பே அனுப்புங்கள், மதியத்துக்கு ரெய்க்யாவிக் அல்லது செல்ஃபோஸ் ஊரின் பல்பொருள் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் குளிர்ந்த நீரைத் தாராளமாகக் குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை வரும், அது நிலத்தடி ஊற்று நீர். பொதுக் குளங்களில் இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிப்பது விதி. கூச்சப்படுகிறவர்களுக்கு இதை ஊரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, எரிமலை வெடித்தால் விமானம் நின்றுவிடுமா என்ற அச்சம். 2010-இல் எய்யாஃப்யாட்லாயோகுல் எரிமலை பனிக்கு அடியில் வெடித்தது. குழம்பு உருகுநீரில் பட்டு நுண்தூளாகச் சிதறியதால் சாம்பல் ஐரோப்பா வரை போய் வான்வழியை மூடியது. 2021 முதல் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் நடப்பது வேறு வகை. தரைப் பிளவிலிருந்து குழம்பு வழிகிறது, சாம்பல் குறைவு. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊர் காலி செய்யப்பட்டது. ஆனால் கெஃப்லாவிக் விமான நிலையம் தொடர்ந்து இயங்கியது. பக்கத்தில் உள்ள நீலக் குளம் என்ற வெந்நீர்க் குளியல் இடம் மட்டும் அவ்வப்போது மூடப்படும். அதை விமானம் ஏறும் நாளில் வைக்காதீர்கள். மூடினால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரமிருக்காது. அந்த வாரம் எரிமலை உயிரோடு இருந்து, பார்க்க அனுமதியும் இருந்தால், குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். காற்று ஓய்ந்த நேரத்தில் பள்ளங்களில் வாயு தேங்கும். அதில் சில மணமே இல்லாதவை. குனிந்து உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம். மேட்டுக்கு ஏறி, காற்று முகத்தில் படும் திசையில் நடங்கள். அவசர எண் 112.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.