கார்த்தஹேனாவில் ஒரு கெத்செமனே

நேயர்களுக்கு வணக்கம். கொலம்பியாவின் கரீபியக் கரையில் கார்த்தஹேனா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. ஸ்பானியர்கள் 1533-இல் நிறுவியது. தடித்த கோட்டைச் சுவர், பூங்கொடி தொங்கும் மரமாடங்கள் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். 1984-இல் யுனெஸ்கோவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சுவரின் கதையை எந்த வழிகாட்டியும் சொல்வார். நான் சொல்ல வந்தது அந்தச் சுவருக்குள்ளேயே கொஞ்சம் ஒதுங்கிக் கிடந்த ஒரு பேட்டையைப் பற்றி.

பெயர் ஹெட்செமனி. பைபிளில் வருகிற கெத்செமனேதான். ஸ்பானிய வாயில் அப்படி ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இது தனித் தீவு. அதிகாரிகளும் பெரிய வணிகர்களும் இருந்த பகுதிக்கும் இதற்கும் நடுவே ஒரு வாய்க்கால், கடக்க ஒரு பாலம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் அல்லவா? விடுதலை பெற்ற கறுப்பர்களும் கலப்பினத்தவரும் கொல்லர்களாக, தச்சர்களாக, தையல்காரர்களாகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பெத்ரோ ரொமேரோ. கியூபாவில் பிறந்தவர், உலோக வேலை செய்பவர். கையில் காசு இருந்தது. ஆனால் கலப்பினத்தவர் என்பதால் மகனை மேற்படிப்பு படிக்கவைக்க ஸ்பெயின் ராஜாவுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. சரி, அப்படிப்பட்ட மனிதர் பிறகு என்ன செய்தார்? 1811 நவம்பர் 11 அன்று பேட்டை ஆட்களைத் திரட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். தயங்கிக்கொண்டிருந்த ஆட்சிக் குழு அன்றே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டது. ரொமேரோவின் சிலை திரினிதாத் சதுக்கத்தில், மஞ்சள் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கிறது.

தெருப்பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். பாம்புத் தெரு, கிணற்றுத் தெரு, அப்புறம் 'ஒன்றரைக் குடல்' தெரு! அதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நான் நம்பவில்லை.

1904 முதல் நகரத்தின் பெரிய சந்தை இங்கேதான் இருந்தது. 1978-இல் அதைப் பஸுர்த்தோ என்ற இடத்துக்கு மாற்றினார்கள். மீன் நாற்றமும் கூச்சலும் போய், அதே இடத்தில் மாநாட்டு மண்டபம் வந்தது. சந்தையை நம்பிப் பிழைத்த பேட்டைக்கு வயிற்றில் அடித்த மாதிரிதான். இப்போது சுற்றுலாவின் முறை. வீடு ஒவ்வொன்றாக விடுதியாகிறது. வாடகையும் வரியும் ஏற, குடியிருந்தவர்கள் நகரத்தின் ஓரத்துக்குப் போகிறார்கள். வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொழுது சாய்ந்தபின் திரினிதாத் சதுக்கத்துக்குப் போக வேண்டும். தள்ளுவண்டியில் எண்ணெய் கொதிக்கும். மக்காச்சோள மாவை வடைபோலத் தட்டிப் போட்டு, உப்பியதும் எடுத்து, ஓரத்தில் கீறி, உள்ளே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, வாயை மூடி மறுபடியும் எண்ணெயில் விடுவார்கள். அரேப்பா தே உவேவோ என்று பெயர். அதை ஊதி ஊதித் தின்றுகொண்டே பக்கத்துத் தெருவில் நடந்தால், சில வாசல்களில் இன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் பழைய குடும்பம். மற்ற வாசல்களில் விடுதியின் பெயர்ப்பலகை.