கரைபுரளும் களிப்புக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

(புதுச்சேரியில் மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்களுக்கும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரை எப்படி இருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் முதலில் எழுதுவது ‘ஹேப்பி’. மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் இடத்துக்கு அது போதாது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். அகராதியைத் திறப்பார். எக்ஸூபரன்ட், எபல்லியன்ட், பாய்ஸ்டரஸ், ரயட்டஸ், ஃப்ரென்ஸீட் என்று ஒரு வரிசை கிடைக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘மிகுந்த உற்சாகமுள்ள’ என்றுதான் போட்டிருக்கும். பார்க்க எடுப்பாக இருப்பதை எடுத்து ஒட்டிவிடுவார். அங்கேதான் தவறு நேர்கிறது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும், யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்மேல் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிடுகின்றன.

எக்ஸூபரன்ட்டை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் ‘ஊபெர்’ என்றால் மடி, பால் சுரக்கும் மடி. வளம் கொழிக்கும் நிலத்துக்கும் அதே சொல்தான். மடி கொள்ளாமல் பால் தானாகச் சொரிகிறதே, அந்த நிறைவு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் இது மனிதரோடு நிற்பதில்லை. வேலியே தெரியாமல் படர்ந்துவிட்ட கொடி எக்ஸூபரன்ட். வண்ணத்தை வாரி இறைத்த ஓவியம் எக்ஸூபரன்ட். புண் ஆறும்போது தேவைக்கு மேல் புடைத்து வளரும் தசையையும் மருத்துவர்கள் இதே சொல்லால் குறிக்கிறார்கள். மனிதருக்குச் சொன்னால், உள்ளே நிறைந்தது வெளியே வழிகிறது என்று பொருள். அதில் பழிக்கும் தொனி கிடையாது. பழிக்க வேண்டுமானால் முன்னால் இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பர் 5 அன்று ஓர் உரையில் அதைத்தான் செய்தார். பங்குகளின் விலை ‘இர்ரேஷனல் எக்ஸூபரன்ஸ்’ காரணமாக, அதாவது அறிவுக்குப் பொருந்தாத களிப்பால், மிதமிஞ்சி ஏறிவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டார். அதைக் கேட்டே பல நாட்டுப் பங்குச் சந்தைகள் சரிந்தன. அச்சத்தைக் கிளப்பியது முன்னால் நின்ற ‘இர்ரேஷனல்’.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை: இந்தச் சொல்லில் ‘எக்ஸ்’ எழுத்துக்குப் பிறகு ‘எச்’ வராது. நன்றாகப் படிக்கும் மாணவர்கூட அதை நுழைத்துவிடுகிறார்.

எபல்லியன்ட் கொதித்துக் குமிழியிடுவதிலிருந்து வந்தது. ‘பொங்கும்’ என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கம். ஆனால் இது பெரும்பாலும் ஒரு மனிதரின் சுபாவத்தைச் சொல்லும். வாசலுக்கே ஓடிவந்து விருந்தினரை வரவேற்கிறவர் எபல்லியன்ட். கடற்கரைக் கூட்டத்துக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

பாய்ஸ்டரஸில் ஓசை இருக்கிறது, கொஞ்சம் முரட்டுத்தனமும் இருக்கிறது. சீறும் காற்றையும் கடலையும் இச்சொல்லால் குறிப்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கம். ஐப்பசியில் தேவனாம்பட்டினம் கடலைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். இன்று பிள்ளைகளுக்கும் இளைஞர் கூட்டத்துக்கும் சொல்கிறார்கள். நம்முடைய ‘கும்மாளம்’ சரியான இணை. ‘என்ன அங்கே கும்மாளம்?’ என்று வீட்டுப் பெரியவர் கேட்கும்போது செல்லமும் உண்டு, அதட்டலும் உண்டு. பாய்ஸ்டரஸிலும் அப்படியே. அமெரிக்கப் பேச்சில் பிறந்த ‘ரம்பங்க்ஷஸ்’ இதன் தம்பி.

ரயட்டஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். பூந்தோட்டத்தின் நிறங்களுக்குச் சொன்னால் புகழ்ச்சி. மனிதர் கூட்டத்துக்குச் சொன்னால் காவல்துறை வந்துவிடும்; ‘ரயட்’ என்றால் கலகம். இங்கிலாந்தில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் குழப்பம் செய்தால், கலையச் சொல்லி அதிகாரி அறிவிப்பைப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் அது பெருங்குற்றம். நம் நாட்டிலும் சட்டத்துக்குப் புறம்பான பொது நோக்கத்தோடு 5 பேரோ அதற்கு மேலோ கூடினால் சட்டவிரோதக் கூட்டம். அது வன்முறையில் இறங்கினால் ‘ரயட்டிங்’ என்ற குற்றம். தேர் இழுக்கும் வில்லியனூர் மக்களை ‘ரயட்டஸ் கிரௌடு’ என்று விளம்பரத் தாளில் அச்சிட்டால் அவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறோம்.

தமிழிலும் சொற்கள் இப்படித் திரிந்திருக்கின்றன. மகிழ்ந்து ஆரவாரிப்பதற்கும் உரிய சொல்லாக இருந்த ‘ஆர்ப்பாட்டம்’, இன்று செய்தித்தாளில் கோரிக்கைப் போராட்டம். ‘களி’ என்ற சொல்லில் கள்ளும் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது; ‘களித்தறியேன் என்பது கைவிடுக’ என்று குறள் சொல்வது குடிமயக்கத்தை. உவகை பிறக்கும் இடம் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கு என்கிறது தொல்காப்பியம். மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் இந்தப் பழக்கம் ஆங்கிலச் சொல்லைத் தேர்வதற்கும் உதவும். நிறைவிலிருந்து வந்தால் எக்ஸூபரன்ட். விளையாட்டிலிருந்து வந்தால் பெரும்பாலும் பாய்ஸ்டரஸ்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது ஃப்ரென்ஸீட், அதாவது வெறிகொண்ட என்ற சொல். கிரேக்கத்தில் மூளை அழற்சி நோயின் பெயர் அதற்கு வேர். பம்பையும் உடுக்கையும் முழங்க ஒரு தாய் சாமி வந்து ஆடுகிறார் என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவர் இந்தச் சொல்லைப் போடுவார். நாமே அதை வாங்கி நம் ஊர் அறிமுகக் கையேட்டில் போட்டுக்கொள்கிறோம். அந்தத் தாய்க்கு நோய் இல்லை. அவர் விரதம் இருந்திருக்கிறார், மஞ்சள் புடைவை கட்டியிருக்கிறார், சுற்றி நிற்பவர்கள் அவரிடம் வாக்குக் கேட்கக் காத்திருக்கிறார்கள். ‘பொசெஸ்ட்’ என்றாலும் பேய் பிடித்த வாடை அடிக்கிறது. அந்த இடத்தில் பெயரடையே வேண்டாம். ‘அம்மன் அவர்மேல் வந்திருக்கிறாள், அவர் ஆடுகிறார்’ என்று இரண்டு வினைச்சொல்லால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். படிக்கிறவருக்கு அது விளங்கும்.

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. கடலூர்ப் பக்கத்து மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். மணலில் புரண்டு விளையாடும் பையன்களுக்கு ஒரு சொல், சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு உறவினரோடு சிரித்துப் பேசி நடக்கும் குடும்பத்துக்கு ஒரு சொல். சாமிகள் ஆற்றில் இறங்கும் நேரத்துக்குப் பெயரடை இல்லாமல் ஒரு வாக்கியம். எழுதிக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.