களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அம்மாவுக்கு 58 வயது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு மூன்று வேளையும் ராகியே சாப்பிடுகிறார்; காலையில் கூழ், மதியமும் இரவும் களி. களிதானே சாப்பிடுகிறோம் என்று மூன்று வாரங்களாக மாத்திரையையும் விட்டுவிட்டார். இப்போது வெறும் வயிற்றில் 190, சாப்பிட்ட பிறகு 286 என்று காட்டுகிறது. "ராகி சர்க்கரைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே, பிறகு ஏன் ஏறுகிறது? மாம்பழக் காலம் வருகிறது, அம்மா ஒரு துண்டுகூடத் தொடக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுதான் அவசரம். இந்த இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டு நாளையோ மறுநாளோ அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உணவியல் ஆலோசகரான நானும் சொல்லக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லக்கூடாது. இதற்கிடையில் சர்க்கரை 300-ஐத் தாண்டி, அடங்காத தாகமோ வாந்தியோ அசாதாரணமான தூக்கக் கலக்கமோ வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெறும் வயிற்றில் ஏன் 190 என்று நினைக்கிறீர்கள்? இரவு முழுவதும் அம்மா ஒன்றும் சாப்பிடவில்லையே! நாம் தூங்கும் நேரத்தில் மூளையும் மற்ற உறுப்புகளும் இயங்குவதற்காக நம்முடைய கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்; சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது தேவைக்கு மேல் விடுகிறது. பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கியமான வேலை கல்லீரலின் அந்தக் கையை இழுத்துப் பிடிப்பதுதான். தட்டில் சோற்றுக்குப் பதில் களி வைத்ததால் அந்த வேலை நடந்துவிடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வந்த அட்டைகள் பிரிக்கப்படாமல் சமையலறை மாடத்தில் அடுக்கியிருப்பதை ஊர்களில் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும்.

இனி களிக்கு வருவோம். ராகி நல்ல தானியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறு கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம் இருக்கிறது, தீட்டிய பச்சரிசியில் மூன்று கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அரிசியில் அது மிகச் சொற்பம். தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியதை நான் மனதார வரவேற்றவள். ஆனால் அதே நூறு கிராம் ராகியில் மாவுச்சத்து ஏறக்குறைய 67 கிராம் இருக்கிறது, அரிசியில் 78 கிராம். இந்த வித்தியாசம் பதினொரு கிராம்தான். தட்டில் விழும் அளவு கொஞ்சம் கூடினாலே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

சில மாதங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவரிடம், தினமும் சாப்பிடும் அளவுக்கே ஓர் உருண்டை களியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். தூக்குப்போசியில், மேலே லேசாக எண்ணெய் தடவி, வழவழவென்று கொண்டுவந்தார். தராசில் வைத்தபோது 640 கிராம் இருந்தது. தண்ணீரைக் கழித்தால் அதில் மாவு மட்டும் ஏறக்குறைய 200 கிராம், மாவுச்சத்து 130 கிராமுக்கு மேல். அதே மாவுச்சத்துக்குச் சோறு சாப்பிட வேண்டுமென்றால் வடித்த சோறு அரை கிலோ வேண்டும். "அரை கிலோ சோறு சாப்பிடுவீர்களா?" என்று கேட்டேன். "ஐயோ, அவ்வளவு யாரால் தின்ன முடியும்மா?" என்றார். களி உருண்டையாக இருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் வீட்டில் அரிசி நொய்யை முதலில் வேகவைத்து அதன்மேல் மாவைக் கொட்டிக் கிண்டுவது வழக்கம். நம் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அரிசியை விட்டுவிட்டோம் என்று சொல்பவர்களின் களிக்குள்ளேயே அரிசி இருக்கிறது என்பதைச் சகோதரி கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 70 முதல் 75 கிராம் மாவு போதும். கிண்டிய பிறகு அது சுமார் 230 கிராம் வரும். வீட்டில் பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து இருந்தால் ஏறக்குறைய அதே அளவு உருண்டை. முதல் ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு கை தானாகப் பழகிவிடும். உருண்டை சிறியதாகிவிட்டதே, பசி எப்படித் தாங்கும் என்ற கேள்வி வரும், நியாயமான கேள்விதான். அந்த இடத்தைக் கொள்ளுக் கடைசலும் கீரைக் கடைசலும் அவரைக்காய், மொச்சைக் குழம்பும் நிரப்ப வேண்டும். நம் முன்னோர் களியைத் தனியாக விழுங்கியவர்கள் இல்லை. கொள்ளில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அது வயிற்றில் நின்று நிதானமாகச் செரிக்கும். முதலில் கீரையும் காயும் கடைசலும் பாதி சாப்பிட்டுவிட்டு அதற்குப் பிறகு களியைத் தொட்டால் சர்க்கரை ஏறும் வேகமே குறைகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம், செலவும் கிடையாது.

காலைக் கூழைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே மாவுதான் என்றாலும் கெட்டியாக மென்று சாப்பிடுவதும், நீர்க்கக் கரைத்துக் கடகடவென்று குடிப்பதும் ஒன்றாகாது. மாவு எவ்வளவு மென்மையாக அரைபட்டிருக்கிறதோ, எவ்வளவு நன்றாக வெந்து குழைந்திருக்கிறதோ, அவ்வளவு விரைவாக அது சர்க்கரையாகி இரத்தத்தில் சேரும். பாட்டி காலத்தில் கல்லில் அரைத்த மாவு சற்றுக் கரகரப்பாக இருந்தது. குடித்தவர் உடனே ஏர் பிடிக்கவோ களை எடுக்கவோ போனார். இன்று மில்லில் நைசாக அரைத்து, சலித்து, உமித்தோலையும் நீக்கிவிட்டு, குடித்தபின் தொலைக்காட்சி முன் உட்கார்கிறோம். முளைகட்டிய ராகியில் செய்யும் மால்ட் மாவோ இன்னும் வேகம். தானியம் முளைக்கும்போதே அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகின்றன, அதனால்தான் அந்த மாவு இனிக்கிறது. வளரும் குழந்தைக்கு அது அருமையான உணவு, அம்மாவுக்கு வேண்டாம். காலைக்கு ராகி அடை ஒன்றோ இரண்டோ முருங்கைக்கீரை நிறையப் போட்டுச் செய்து, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள். ராகிக்குப் பதில் சில நாட்கள் சாமைச் சோறு, சில நாட்கள் அளவாக அரிசிச் சோறு சாப்பிட்டாலும் தவறில்லை. இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, சோறு தொடவில்லை என்று நிம்மதி அடைவதும் இதே தவறுதான்.

மண்ணுக்கு அடியில் விளைவது எதுவும் ஆகாது என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. முள்ளங்கியும் கேரட்டும் நிலக்கடலையும் மண்ணுக்கு அடியில் விளைபவைதான். மூன்றையும் அம்மா சாப்பிடலாம், கடலை மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். குச்சிக்கிழங்கு அப்படியில்லை, அதை வேகவைத்துச் சாப்பிடும் நாளில் அந்த வேளைக்குக் களியோ சோறோ இருக்கக்கூடாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகிய மூன்றும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும். நிறம் மாறியதால் குணம் மாறுவதில்லை. பாகற்காயைப் பொரியலாக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடட்டும், மாத்திரைக்கு மாற்றாகச் சாறு பிழிந்து குடிக்க வேண்டாம்.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் மாம்பழ மண். மே, ஜூன் மாதங்களில் வீடு முழுக்க மணக்கும்போது ஒருவரை மட்டும் ஒதுக்கி வைத்தால் அவர் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு பழம் சாப்பிடுவார், அதையும் பார்த்திருக்கிறேன். அதைவிட அளவாகக் கொடுத்துவிடலாம். நூறு கிராம் மாம்பழத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, நடுத்தரச் செந்தூராவில் பாதியை, சாப்பாட்டோடு சேர்க்காமல் மாலை நான்கு மணிவாக்கில், துண்டுகளாக்கி மென்று சாப்பிடலாம். சாறாகவோ பால் சேர்த்த மில்க் ஷேக்காகவோ வேண்டாம். இப்போது 286 இருக்கும்போது மட்டும் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சகோதரி கேட்காதது. அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பதினோரு மணிக்குக் காலை உணவும் மூன்றரைக்கு மதிய உணவும் சாப்பிடும் பெண்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இப்படி ஒருமுறை பயந்துபோனவர்கள்தான் பிறகு மாத்திரையே வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்கள். அம்மா நிறுத்தியதற்கும் அப்படி ஏதாவது காரணம் இருக்கிறதா என்று திட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அதே நேரத்தில் அம்மாவையும் உட்கார வையுங்கள்.

மாத்திரை தொடங்கியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, அன்று களி எந்த அளவு, தொட்டுக்கொள்ள என்ன. பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள்ளும் இருப்பது இலக்கு. அம்மாவுக்கு மருத்துவர் வேறு இலக்கு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் நான் சொன்ன பயறு, கீரை அளவுகள் மாறும், அதனால் அந்தப் பரிசோதனை முடிவையும் நோட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.