கோடை விடுமுறைக்குக் கப்பலும் ரயிலுமாக ஐரோப்பா: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிப் படிக்கிறேன். "1950களில் அமெரிக்கக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கப்பல் ஏறி ஐரோப்பா போனதாகப் போன வீடியோவில் சொன்னீர்கள். அப்போதே விமானம் இருந்ததே, பிறகு எதற்குப் பெட்டி படுக்கையோடு ஐந்து நாள் கடலில் கிடந்தார்கள்? பெரும் பணக்காரர்கள் மட்டும்தான் போனார்களா? கப்பலை விட்டு இறங்கினால் ரயில் தயாராக நிற்கும் என்றீர்கள், அது எப்படி? இப்போதும் அப்படிப் போக முடியுமா?"

ஒன்று இல்லை, நாலு கேள்வி. பணக்காரர் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில்தான் நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது.

பழைய படங்களில் நாம் பார்ப்பது முதல் வகுப்பை. பெரிய படிக்கட்டு, கோட் சூட், பியானோ. ஆனால் அட்லாண்டிக் கப்பல் கம்பெனிகளுக்குச் சோறு போட்டவர்கள் கீழ்த்தட்டில் வந்த ஏழைக் குடியேறிகள். 1907ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12.8 லட்சம் பேர் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா கதவைச் சாத்தியது. 1921இல் ஒரு சட்டம், 1924இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர்தான் என்று அளவு வந்துவிட்டது. கப்பலின் அடித்தட்டு முழுக்கப் படுக்கைகள் காலி.

கம்பெனிகள் என்ன செய்தன? அந்த இடத்தையே சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, 'டூரிஸ்ட் தேர்ட் கேபின்' என்று புதுப் பெயர் வைத்து, கல்லூரி மாணவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் விற்றன. எனக்குத் தெரிந்து இதைவிடச் சாமர்த்தியமான வியாபாரம் கப்பல் துறையில் நடந்ததில்லை. போன தலைமுறை அழுதுகொண்டு வந்த அதே தட்டில் அடுத்த தலைமுறை கேமராவோடு ஊர் சுற்றக் கிளம்பியது. நீங்கள் கேட்கும் 1950களின் டூரிஸ்ட் வகுப்பு இதன் வாரிசுதான்.

ஆகவே காசு ஒரு பக்கம் இருக்கட்டும். யார் போக முடியும், யார் போக முடியாது என்பதைப் பெரும்பாலும் லீவுதான் தீர்மானித்தது. போக ஐந்து நாள், வர ஐந்து நாள். கடலிலேயே பத்து நாள் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு வாரம் லீவு கிடைக்கிற ஆபீஸ்காரருக்கு இது கட்டுப்படியாகாது. அமெரிக்காவில் பள்ளிகள் ஜூனில் மூடினால் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். அதனால் கப்பலில் குடும்பத்தோடு போனவர்கள் யாரென்று பார்த்தால் ஆசிரியர்கள், பேராசிரியர்கள், ஐரோப்பாவில் வேலைபார்த்த ராணுவத்தினரின், அரசு ஊழியர்களின் குடும்பங்கள், பிறகு இத்தாலியிலோ அயர்லாந்திலோ இருக்கும் தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளைகளைக் காட்டக் கூட்டிப்போன குடியேறிகள். அப்பாவுக்கு லீவு இல்லாத வீடுகளில் அம்மாவும் பிள்ளைகளும் முன்னால் போவார்கள், அவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார்.

சரி, விமானம்? இருந்தது. ஆனால் அது விசிறி எஞ்சின் விமானம். நியூயார்க்கிலிருந்து கிளம்பினால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காண்டர், அயர்லாந்தில் ஷானன் என்று பெட்ரோல் போட இறங்கி இறங்கிப் போகும். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் மலிவான டூரிஸ்ட் கட்டணமே 1952 மே மாதம்தான் வந்தது. அதிலும் ஆளுக்கு 20 கிலோதான் பெட்டி. இரண்டு மாதம் தங்கப்போகிற, சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு இது எந்த மூலைக்கு?

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. இரண்டு வகை டிரங்க் உண்டு. ஒன்று உயரம் குறைந்தது, கப்பல் அறையில் படுக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். இன்னொன்றை நிமிர்த்தி வைத்துத் திறந்தால் பாதியில் கோட்டுகள் தொங்கும், மறுபாதியில் இழுப்பறைகள் இருக்கும். நடமாடும் அலமாரி என்றே சொல்லலாம். ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள் ஒட்ட வேண்டும். பயணத்தில் தேவைப்படும் பெட்டிக்கு ஒன்று, தேவைப்படாத பெட்டிக்கு ஒன்று. 'தேவையில்லை' என்று ஒட்டியது நேராகக் கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும், கரை சேரும் வரை கண்ணில் படாது. குழந்தையின் ஸ்வெட்டர் அதற்குள் மாட்டிக்கொண்டால் ஐந்து நாளும் குளிர்காற்றில் மேல்தட்டுப் பக்கம் போக முடியாது.

லேபிளில் குடும்பப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி இருக்கும். இறங்கும் துறைமுகத்தின் சுங்கக் கொட்டகையில் ஏ, பி, சி என்று வரிசையாகப் பலகை தொங்கும். உங்கள் பெட்டிகள் உங்கள் எழுத்துக்குக் கீழே வந்து நிற்கும், நீங்களும் அங்கே போய் நிற்பீர்கள், சுங்க அதிகாரி அங்கே வருவார். இரண்டாயிரம் பேரின் சாமான்களைக் கம்ப்யூட்டர் இல்லாமல் பிரித்த முறை இது. அமெரிக்கர்களில் எஸ் எழுத்துக்காரர்கள் அதிகம் என்பதால் அந்தப் பலகைக்கு அடியில்தான் நெரிசல் அதிகம் இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

இப்போது பயணத்துக்கு வருவோம். சிகாகோவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் 'ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்' ரயிலில் ஏறினால் சுமார் 16 மணி நேரத்தில், மறுநாள் காலை நியூயார்க். மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் கப்பல் துறைகள் இருக்கின்றன. குனார்ட் கம்பெனியின் பெரிய பிரிட்டிஷ் கப்பலான குயின் மேரி வழக்கமாக 90ஆம் எண் துறையில் நிற்கும். 310 மீட்டர் நீளம். வழியனுப்ப வந்தவர்களும் உள்ளே ஏறி அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு, மணி அடித்ததும் இறங்கிப் போகலாம்.

குயின் மேரியின் வழக்கமான வேகம் 28.5 நாட், அதாவது மணிக்கு 28.5 கடல் மைல். 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 684 கடல் மைல். ஆனால் கிழக்கே போகும்போது இது சரியாக வராது. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 5 மணி நேர வித்தியாசம். அதை ஒரேயடியாக மாற்றாமல், கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான், அதனால் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகலுக்குள் 655 கடல் மைல் பக்கம்தான் ஓடியிருக்கும். திரும்பி வரும்போது நாளுக்கு 25 மணி நேரம். ஒவ்வொரு நண்பகலும் அந்த நாளின் ஓட்டத்தை எழுதி ஒட்டுவார்கள். எத்தனை மைல் என்று முன்கூட்டியே பந்தயம் கட்டுவது பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு. விமானத்தில் போனால் இறங்கியபின் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறோமே, அந்தத் தொல்லை இவர்களுக்குக் கிடையாது. உடம்பு வழியிலேயே லண்டன் நேரத்துக்குப் பழகிவிடும்.

சுகமாகவே போனார்கள் என்று சொல்லமாட்டேன். அந்தக் கப்பல் ஆட்டத்துக்குப் பேர்போனது. ஆட்டத்தைக் குறைக்க, நீருக்கு அடியில் பக்கவாட்டில் நீட்டும் துடுப்பு மாதிரித் தகடுகளைப் பொருத்தியதே 1958இல்தான். அலையில் முன்னும் பின்னும் தூக்கிப் போடும்போது நடுப்பகுதி ஓரளவு தப்பிக்கும், அங்கே முதல் வகுப்பு. டூரிஸ்ட் வகுப்பு முன்மூக்குப் பக்கம். வாந்திக்கும் வகுப்பு பார்த்துத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அப்புறம் ரயில். நேயர் முக்கியமாகக் கேட்டது இதைத்தான். நம் ஊரில் பழைய போட் மெயில் ஞாபகம் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே பயணமாக டிக்கெட் வாங்கலாம். 1964 புயலில் தனுஷ்கோடி போனதோடு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அதே ஏற்பாட்டின் பிரம்மாண்ட வடிவம்தான் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகம்.

சவுத்தாம்ப்டனுக்கு இயற்கையிலேயே ஒரு வசதி உண்டு. அங்கே உயர் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறுவது, இரட்டையாக வரும். ஒரு முறை ஏறிய தண்ணீர் லேசாக இறங்கி மறுபடி ஏறுவதால் ஆழம் ரொம்ப நேரம் நிலைக்கும். ஆழம் தேவைப்படும் பெரிய கப்பல்களுக்கு இது வரப்பிரசாதம். அங்கே 1950இல் ஓஷன் டெர்மினல் என்று புது நிலையம் திறந்தார்கள். கப்பலிலிருந்து மாடிக்கு நடந்து வரலாம். அங்கேயே சுங்கம், பாஸ்போர்ட் எல்லாம் முடியும். எஸ்கலேட்டரில் கீழே இறங்கினால் கட்டடத்துக்குள்ளேயே பிளாட்பாரம், அதில் லண்டன் வாட்டர்லூ போகும் ரயில். குயின் மேரி, குயின் எலிசபெத் கப்பல்களுக்கான ரயிலுக்கு 'குனார்டர்', அமெரிக்காவின் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலுக்கான ரயிலுக்கு 'ஸ்டேட்ஸ்மன்' என்று பெயர். கப்பல் நிறைய ஆட்கள் இருந்தால் ஒரு ரயில் போதாது, ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்து இல்லை, கப்பலைப் பார்த்துக் கிளம்பும் ரயில்கள் இவை. மூடுபனியில் கப்பல் தாமதமானால் ரயிலும் காத்திருக்கும்.

நேராகப் பிரான்ஸ் போகிறவர்கள் செர்பூர் துறைமுகத்தில் இறங்கிக்கொள்ளலாம். 1933இல் திறந்த அழகான கடல்வழி ரயில் நிலையம் அங்கே உண்டு, அங்கிருந்து பாரிஸ் சான் லசார் நிலையத்துக்கு ரயில். லண்டனைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் போகிறவர்களுக்கு 'நைட் ஃபெர்ரி' என்று ஒன்று ஓடியது. லண்டன் விக்டோரியாவில் படுக்கைப் பெட்டியில் ஏறிப் படுத்தால், டோவரில் அந்தப் பெட்டியை அப்படியே கப்பலுக்குள் தள்ளி, தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி, பிரான்ஸின் டன்கர்க்கில் இறக்கி, காலையில் பாரிஸில் விடுவார்கள். 1936இல் தொடங்கியது, 1980இல் நின்றது.

பாரிஸிலிருந்து இத்தாலிக்கு இரவு ரயில். சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்ளான் குகைப்பாதை வழியாக ஆல்ப்ஸுக்கு அடியில் புகுந்து மிலான். படுக்கைப் பெட்டியின் நடத்துநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார். நடுராத்திரியில் எல்லைக் காவலர்கள் வந்தால் அவரே காட்டிவிடுவார், பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

திரும்பி வரும்போது இத்தாலியக் கப்பல் பிடிக்கிறவர்கள் உண்டு. நாள் கூடுதல், ஆனால் வெயில் வழி. அந்த வழியில்தான் 1956 ஜூலை 25 இரவு, மூடுபனியில், நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்த ஆந்திரேயா டோரியா கப்பலில் ஸ்டாக்ஹோம் என்ற ஸ்வீடன் கப்பல் மோதியது. இரண்டு கப்பலிலுமாக 51 பேர் இறந்தார்கள். அன்றுதான் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய இல் டி பிரான்ஸ் கப்பல் திரும்பி வந்து 753 பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி நியூயார்க் போனது. ஐரோப்பாவுக்கு விடுமுறைக்குக் கிளம்பிய அதன் பயணிகள் மறுநாளே புறப்பட்ட இடத்தில் நின்றார்கள், பக்கத்தில் நனைந்த உடையோடு மீட்கப்பட்டவர்கள்.

இதெல்லாம் எப்போது முடிந்தது? 1958 அக்டோபர் 4 அன்று பிரிட்டனின் பிஓஏசி விமான கம்பெனி காமெட் ஜெட் விமானத்தில் லண்டன்–நியூயார்க் சேவையைத் தொடங்கியது. அதே மாதம் 26ஆம் தேதி அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி போயிங் 707 ஜெட்டில் நியூயார்க்–பாரிஸ். ஐந்து நாள் ஒரு ராத்திரிக்குள் அடங்கிவிட்டது. கவனியுங்கள், கப்பல்கள் மெதுவாக ஓடியதால் தோற்கவில்லை. யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பல் 1952இல் மூன்றரை நாளிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டிச் சாதனை செய்தது, அதுவே 1969இல் கட்டிப்போடப்பட்டது. இரண்டு வாரம் மட்டுமே லீவு உள்ளவரையும் ஜெட் ஐரோப்பா கொண்டுபோய்விட்டது. அந்தக் கூட்டம் மூன்று மாத லீவுக்காரர்களைவிடப் பல மடங்கு பெரியது. குயின் மேரி 1967இல் ஓய்வுபெற்று இன்றும் கலிபோர்னியாவில் லாங் பீச்சில் நிற்கிறது.

கடைசியாக, இப்போது போக முடியுமா? முடியும். 2004இல் வந்த குயின் மேரி 2 சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் ஓடுகிறது, பெரும்பாலும் ஏழு இரவு. வேண்டுமென்றே மெதுவாகப் போகிறது. சவுத்தாம்ப்டனில் அந்த ஓஷன் டெர்மினலை 1983இல் இடித்துவிட்டார்கள். டாக்சி பிடித்து ஊர் ரயில் நிலையத்துக்குப் போய் வாட்டர்லூ ரயில் ஏற வேண்டும். லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டாரில் இரண்டேகால் மணி நேரம் பக்கம்தான், கடலுக்கு அடியில் போய்விடும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதைக்கு அமெரிக்க விசா, பிரிட்டன் விசா, பாரிஸ் பக்கம் போக ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) என்று மூன்றும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.