ஆளுக்கொரு பலகை

(பனிக்காலப் பூட்டுக்குப் பிறகு மாடல் ரயில் மன்றம் கதவைத் திறந்த நாளில் பேசியது. எழுதும்போது பேச்சை அதிகம் திருத்தவில்லை.)

மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சந்தா பாக்கிக்காரர்கள் யார் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் பதுங்கியிருக்கிறார்களோ அந்தப் பொருளாளர் அவர்களே, இந்தக் கூடத்தை நம்பி நம்மிடம் விட்டிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஐயாவுக்குத் தனியாக இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன், செயலாளர் கோபிக்கக் கூடாது. அவர் நிஜ வண்டி ஓட்டியவர். உலகத்தில் பாதிக்கு மேல் போடப்பட்டிருக்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் பதினாறரை மில்லிமீட்டர் வரும். அதுதான் நம் மேசை மேல் கிடக்கும் ‘ஹெச்ஓ’ (HO) என்ற அளவுத் தண்டவாளம். கணக்கு அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஒன்றே. ஒரே ஒரு வித்தியாசம்: அவர் வண்டி தடம் புரண்டால் விசாரணை வரும், நம் வண்டி தடம் புரண்டால் சுண்டுவிரல் வரும்.

உள்ளே வந்ததும் ஐயா எஞ்சினைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னது அந்தக் கண்ணை வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பழமொழியை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இன்றும் சொல்வேன், எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, பருவம் மாறும்போது பாதையைத் தயார் செய்வது. இரண்டு, நமக்குள் இருக்கும் தோழமை. மூன்று, டிஜிட்டல் கட்டுப்பாடு.

முதல் விஷயம். வெளியே குளிர் என்றால் நமக்கு வேலைக்காலம். கூடத்துக்குச் சூடேற்றும் வசதி இல்லாததால் இரண்டு மாதம் பூட்டினோமே தவிர, வீட்டில் யாரும் சும்மா இருக்கவில்லை. இன்று காலை அட்டைப் பெட்டிகளைத் திறந்தபோது பார்த்தேன். ஒருவர் பதினோரு சரக்குப் பெட்டிக்குத் துருப்பிடித்த நிறம் ஏற்றியிருக்கிறார். ஒரு தம்பி சிக்னல் கம்பத்தில் குண்டூசித் தலை அளவு விளக்கு வைத்து, அது எரிகிறது என்று காட்ட எல்லோரையும் இருட்டு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆனால் ரயில் ஓடியதா? முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை? பனிக்காலத்து வறண்ட காற்றில் மரச்சட்டம் சுருங்கும். சட்டம் சுருங்கினால் அதன்மேல் கிடக்கும் தண்டவாளங்கள் ஒன்றையொன்று நெருக்கும், நாம் விட்ட இடைவெளி மூடும், நேர்ப்பாதை மெல்ல நெளியும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதி, இடைவெளி மறுபடி திறக்கும். உலோகம் அதன் பங்குக்கு ஆடும். நிக்கல் சில்வர் என்று பெயர், வெள்ளி ஒரு துளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். 20 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு மீட்டர் தண்டவாளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். கேட்க அற்பம். பத்து மீட்டரை இடைவெளி விடாமல் பற்ற வைத்தவரைக் கேளுங்கள், அது அற்பமா என்று.

அடுத்தது அழுக்கு. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்து, கறுப்பாக ஒரு பூச்சு படியும். தண்டவாளத்தை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கிறோம். சக்கரத்தை மறந்துவிடுகிறோம். பாதையின் குறுக்கே அதே திரவத்தில் நனைத்த காகிதத் துண்டைப் போட்டு, எஞ்சினின் முன்பக்கச் சக்கரங்களை அதன்மேலும் பின்பக்கச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். காகிதத்தில் இரண்டு கரிக்கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு யாரும் எஞ்சின் தயாரித்தவரைத் திட்டமாட்டார்கள்.

தோட்டத்தில் பெரிய அளவு ரயில் போட்டிருக்கும் நண்பர்களுக்கு நம்மைவிடக் கஷ்டம். பனியில் மண் உப்பிப் பாதை மேலும் கீழுமாகக் கிடக்கும், ஜல்லியை மறுபடி அடிக்க வேண்டும், ஆறு மாதச் சருகை அள்ள வேண்டும். அவர்கள் ஓட்டும் 45 மில்லிமீட்டர் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. 1891-இல், இதேபோல் ஒரு வசந்த காலத்தில், லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் அளவு வகுத்த தண்டவாளங்களைக் கொண்டுவந்து வைத்தது. அன்று ‘ஒன்று’ என்று எண் கொடுத்த அகலம்தான் இன்றும் அவர்கள் தோட்டத்தில் கிடக்கிறது. பொம்மைச் சமையல் பாத்திரம் செய்து கிளம்பிய கம்பெனி அது. தண்டவாளத்துக்கு எண் கொடுத்தார்களே, அதுதான் சாமர்த்தியம். இன்று ஒரு துண்டு வாங்கிய குழந்தைக்கு அடுத்த ஆண்டு வாங்கும் துண்டும் பொருந்தும். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது தோழமை. இதற்குப் போன வசந்தத்தில் நடந்ததைச் சொன்னாலே போதும். சம்பந்தப்பட்டவர் முன்வரிசையில் இருக்கிறார், சொல்லட்டுமா என்று காலையிலேயே கேட்டுவிட்டேன். “சொல்லாவிட்டால்தான் கோபிப்பேன்” என்றார்.

நம் ஒயர் அண்ணனைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. பெரிய மேசைக்கு அடியில் ஓடும் அத்தனை ஒயரும் அவர் கை. அத்தனையும் மஞ்சள். ஒரு சுருள் மலிவாகக் கிடைத்ததாம், அது தீர்கிற வரைக்கும் மஞ்சள்தான் என்று முடிவு செய்துவிட்டார். எது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், தாளில் ஒரு வரி கிடையாது. “தலையில் இருக்கிறது” என்பார். போன பனிக்காலத்தில் அண்ணனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அவர் மகள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, நாம் இங்கே கூடத்தைத் திறந்தோம்.

ஸ்விட்ச் போட்டோம். ஒன்றும் இல்லை. தண்டவாளத்தைத் துடைத்தோம். ஒன்றும் இல்லை. மல்டிமீட்டர் வைத்தோம், முள் அசையவில்லை. பிறகு நான்கு பேர் மேசைக்கு அடியில் போனோம். நான்கு பேரில் மூன்று பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உள்ளே போவது எளிது, திரும்பி வருவதற்குத்தான் கை கொடுக்க ஆள் வேண்டும். அங்கே டார்ச் அடித்தால் மஞ்சள் காடு.

அண்ணனுக்குப் போன் போட்டோம். படுத்தபடியே வழி சொன்னார். “வாசல் பக்கமிருந்து மூன்றாவது கால். அதற்கு இடது பக்கம் ஒரு மஞ்சள் ஒயர் இறங்கும், பார்த்தாயா?” “அண்ணே, ஆறு இறங்குகிறது.” “அதில் கொஞ்சம் பழைய மஞ்சள்.” “எல்லாமே பழைய மஞ்சள்தான் அண்ணே.” “சரி, முகர்ந்து பார், ஒன்று மட்டும் பற்றவைத்த வாசனை வரும்.” நாங்கள் முகர்ந்தோம். பெரிய மனிதர்கள் நான்கு பேர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயரை முகர்ந்துகொண்டிருந்ததை அன்று உறுப்பினராகச் சேர வந்த ஒரு தம்பதி வாசலில் நின்று பார்த்தார்கள். அவர்கள் சேர்ந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

இரண்டரை மணி நேரம். பாதிப் பேர் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு என்றார்கள், மீதிப் பேர் மேசை மேல் இருக்கும் மலையைப் பெயர்க்கலாம் என்றார்கள். தலைவர் ஏற்கெனவே மலை உச்சியில் கத்தியை வைத்துவிட்டார். கடைசியில் அண்ணனே, “வீடியோவில் வா, நான் பார்த்துச் சொல்கிறேன்” என்றார். திரையில் முகம் வந்தது. எதுவும் தெரியவில்லை என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் பேத்தி, “தாத்தா, அது என்ன?” என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது.

ஃபியூஸ். கூடத்தைப் பூட்டும்போது, யாரும் கைவைத்து எதையும் எரித்துவிடக் கூடாதே என்று மெயின் ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது சரி. ஆனால் அச்சாணியை வீட்டுக்குக் கொண்டுபோனவரை என்ன செய்வது? (சிரிப்பு)

அன்று என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். யாரும் திட்டவில்லை. அண்ணன் மகள் வீட்டுக்கே ஆறு பேர் போனோம், ஃபியூஸை வாங்கினோம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு தாள் கொடுங்கள்” என்றார். மூன்று வாரம் அவர் சொல்லச் சொல்ல, கட்டுப்பாட்டு மேசைச் சகோதரி வரைந்தார். நாற்பத்தாறு பக்கம். இன்று அந்த நோட்டு மேசைக் காலில் கயிறு கட்டித் தொங்குகிறது.

இதிலிருந்து நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆமாம், ஆளுக்கொரு பலகையில் பாதை போட்டுக் கொண்டுவந்து சேர்த்து ஓட்டும் யோசனைக்குத்தான் போகிறேன்.

ஜான் ஆலன் என்றொருவர் கலிபோர்னியாவில், மான்டரேயில் இருந்தார். மாடல் ரயிலில் இயற்கைக் காட்சி என்றால் என்ன என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியவர். தரையிலிருந்து கூரை வரை மலை, ஆழம் காட்ட நிலைக்கண்ணாடி, யார்டில் பெட்டி தள்ள எஞ்சினுக்குப் பதில் ஒரு டைனோசர். அதற்கு எம்மா என்று பெயர் வேறு. பாதைக்கு வைத்த பெயரை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னால் ‘ரத்தக்களறி, தோல்வி’ என்று கேட்கும். அவ்வளவு குறும்பு. 1973 ஜனவரியில் இறந்துபோனார். பத்து நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்துப் பாதையில் பெரும்பகுதி போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் கட்டியது. தீ எல்லோர் வீட்டிலும் பிடிக்காது, சரி. ஆனால் சுவரோடு சேர்த்துக் கட்டிய பாதை, கட்டியவர் போனால் என்ன ஆகிறது? வீட்டை விற்கும்போது ரம்பம் வருகிறது. நான் மூன்று வீட்டில் அந்த ரம்பச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் ரம்பத்தைப் பிடித்ததே நான்தான்.

அதே 1970-களின் தொடக்கத்தில், அதே கலிபோர்னியாவில், வேறு சிலர் இன்னொரு வழி பார்த்தார்கள். ஹெச்ஓவைவிடச் சிறிய ‘என்’ (N) என்ற அளவில், நான்கடி நீளம் இரண்டடி அகலத்தில் பலகை. மூன்று பாதை, பலகையின் இரு முனையிலும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். நடுவில் காடு வைப்பதும் கடல் வைப்பதும் உங்கள் இஷ்டம். என்-டிராக் என்று பெயர். முன்பின் தெரியாதவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகினால் ரயில் ஓடியது. அதற்கும் முன்பே, 1935-இல், அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோட் அசோசியேஷன் பிறந்ததும் இதே கவலையில்தான். ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓட வேண்டுமே! சக்கரம், இடைவெளி எல்லாவற்றுக்கும் அளவு வகுத்தார்கள். லைப்சிக்கை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. நம் அச்சாணி, பலகையின் முனை.

இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொரு செயற்குழுவிலும் அழுகிறோம். ஒரே அறையில் குடியிருக்கும் பையனிடம் “மாடியில் ஒரு ஹால் ஒதுக்கு” என்றால் எப்படி வருவான்? பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். “நம் பெரிய மேசை என்ன ஆகும்?” என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அது இருக்கும். அதை யாரும் தொடப்போவதில்லை, குறிப்பாகத் தலைவரின் கத்தி.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நம் ஓட்ட நாளில் நான்கு மடங்கு வேகக் கடிகாரம் வைத்திருக்கிறோமே, அதைக் காட்டுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. மூன்றாவது விஷயம் டிஜிட்டல் கட்டுப்பாடு. இரண்டே தண்டவாளத்தில் மின்சாரமும் கட்டளையும் சேர்ந்து போகின்றன, ஒவ்வொரு எஞ்சினும் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதனால் ஒரே பாதையில் இருவர் இரண்டு வண்டியைத் தனித்தனியே ஓட்டலாம். இதற்குமேல் விரிவாக இன்னொரு நாள்.

பலகைக்கான அளவு மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஹெச்ஓ. முனைப் பலகை அகலம் 60 சென்டிமீட்டர், பாதை நட்டநடுவில். தரையிலிருந்து தண்டவாள உச்சி 127 சென்டிமீட்டர், கால் முனையில் ஏற்றி இறக்கும் திருகு கட்டாயம், ஏனென்றால் எந்தக் கூடத்துத் தரையும் சமமில்லை. நீளம் உங்கள் கார் டிக்கியைப் பொறுத்தது. மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும், அடிப்பக்கத்துக்கும்தான், பெயின்ட் அடியுங்கள், ஈரம் ஏறாது. ஒயர் ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்பு, மறு தண்டவாளத்துக்குக் கறுப்பு. மஞ்சள் கூடாது. புல்லின் வேரடியில் வெளுத்த பழுப்பும் நுனியில் லேசான பச்சையுமாக வசந்தத் தொடக்கத்தை யாராவது செய்து காட்டினால் மகிழ்வேன். எல்லோரும் முழுப் பச்சைக் கோடையையே செய்கிறோம், அது சுலபம் என்பதால்.

அடுத்த வசந்தத்தில் கதவு திறக்கும்போது இருபது பலகை வேண்டும். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் பெயர் ஒயர் அண்ணனுடையது. பேனாவைக் காணோம் என்றால் அவர் சட்டைப் பையில் பாருங்கள்.