உறைமோர் கேட்டுப் போன வீடு

(தாம்பரத்தை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்துகள்.

இங்கே சாவி கொடுக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறதாம். பாதிக்கு மேல் ஆள் வந்துவிட்டது. புதிதாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஓர் எவர்சில்வர் கிண்ணம்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் மாயவரத்துக்காரி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று 2014 ஜூனில் தாம்பரத்துக்குப் பக்கத்து முடிச்சூருக்கு வந்தோம். நான், கணவர், படுத்த படுக்கையாக இருந்த மாமியார். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சச் சொன்னார், காய்ச்சினோம். சாமான் எல்லாம் இறக்கி, லாரிக்காரரை அனுப்பிவிட்டுப் பார்த்தால் மீதிப் பாலைத் தோய்க்க உறைமோர் இல்லை. மாயவரத்தில் என்றால் கொல்லைச் சுவர்மேல் டம்ளரை வைத்து ஒரு குரல் கொடுத்தால் போதும். இங்கே யாரைக் கேட்பது? கடையில் தயிர் பாக்கெட் கிடைக்கும், தெரியும். ஆனாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஒரு நாற்பது வயதுப் பெண் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம். "விளக்கு வெச்சாச்சே டீச்சர். தப்பா நினைக்காதீங்க, காலையில நானே கொண்டு வர்றேன்" என்றார். விளக்கு வைத்த பிறகு தயிர், மோர், உப்பு எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள் இல்லையா? எங்கள் அம்மாவும் அப்படித்தான். சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் கிண்ணத்தோடு வந்து நின்றார். உள்ளே வந்தார். மாமியாரைப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார். அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த வத்தலை அதில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் முருங்கைக்கீரை வந்தது. இப்படி ஒன்றரை வருடம் அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தது.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. நான் முதல் நாளே ஒரு டப்பா இனிப்போடு போயிருந்தால் அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நான் கேட்டுப் போனேன். கேட்டதனால்தான் அவர் என் வீட்டுக்குள் வந்தார். கொடுப்பது நமக்குச் சுலபம். கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறோம். எல்லாவற்றையும் செல்போனில் வரவழைத்துக்கொள்ள முடிகிற இந்தக் காலத்தில் அந்தக் கூச்சம் இன்னும் கூடிவிட்டது.

அப்புறம் 2015 டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி என்பார்கள். அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களுக்கு வந்தது மேலே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரித் தண்ணீர். ராத்திரி கரண்ட் போய்விட்டது, செல்போனில் டவர் இல்லை. எங்களுடையது தரைத்தளம். வாசல்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வரும்போது நானும் கணவரும் மாமியாரை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் நிற்கிறோம். அப்போதுதான் டார்ச் வெளிச்சம் வந்தது. அந்தப் பெண்ணின் கணவர், மூத்த மகன், எதிர்வீட்டுப் பையன் ஒருவன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்க அறைக்குப் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் கட்டி, அவர்கள் வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அந்தப் பெண்ணும் வந்து எங்கள் அலமாரியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது எந்தத் தட்டில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று நாள் அந்த மாடியில் பதினோரு பேர் இருந்தோம். பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்ற நாட்கள் அவை. மீனவர்கள் படகு கொண்டு வந்து எத்தனையோ குடும்பங்களை மீட்டார்கள். அவர்களை இந்த நகரம் மறக்கக் கூடாது. ஆனால் படகு வந்தது பொழுது விடிந்த பிறகு. ராத்திரியில் எங்களுக்கு இருந்தது அடுத்த வீடு மட்டும்தான்.

பின்னால் ஜப்பானைப் பற்றிப் படித்தபோது இந்த இரவு மறுபடி நினைவுக்கு வந்தது. 1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே பகுதியில் நிலநடுக்கம், ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மையப்புள்ளிக்குப் பக்கத்தில் அவாஜி என்று ஒரு தீவு, அதில் ஹொகுடான் என்று ஒரு சிற்றூர். அங்கே இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து சுமார் 300 பேரை ஊர்க்காரர்களே அன்றைக்கே மீட்டுவிட்டார்கள். எப்படி என்றால், எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

அதே ஜப்பானில் ஒரு பழைய வழக்கமும் இருந்தது. புதிதாகக் குடிவருபவர் எதிரே மூன்று வீடு, இருபுறமும் ஒவ்வொரு வீடு, ஆக ஐந்து வீட்டுக்குப் போய்ச் சோபா என்ற நூடுல்ஸ் கொடுத்து வணக்கம் சொல்வார். 'சோபா' என்றால் அவர்கள் மொழியில் 'பக்கத்தில்' என்றும் பொருள். எண்ணிக்கையைக் கவனியுங்கள், ஐந்தே வீடு! இந்த வளாகம் முழுவதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் மாடியில் எத்தனை கதவு இருக்கிறது? நான்கா, ஆறா? அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சிலருக்குக் கசக்கலாம். நம் ஊரில் புதிதாக வந்தவரிடம் முதலில் என்ன கேட்கிறோம்? "நீங்க என்ன ஆளுங்க?" நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், "சைவமா அசைவமா?" இந்தக் கேள்வியைக் கேட்ட நொடியிலேயே கதவு சாத்தப்படுகிறது. அவர் அப்புறம் உங்களிடம் உறைமோர் கேட்டு வரமாட்டார். வாடகைக்கு இருப்பவர்களைக் கூட்டத்துக்கு அழைக்காத குடியிருப்புகளையும் பார்த்திருக்கிறேன். 'ஓனர்' மட்டும்தான் உறுப்பினராம். தண்ணீர் வரும்போது அது பத்திரத்தில் யார் பெயர் என்று பார்த்தா வருகிறது? ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கி வேலைக்குப் போகிற பையன்களும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். எங்கள் மாமியாரைத் தூக்கிய எதிர்வீட்டுப் பையன் அப்படி ஓர் அறையில் தங்கியிருந்தவன். ஒடிசாக்காரன். அவனுக்கு அப்போது தமிழில் பத்து வார்த்தைதான் தெரியும்.

அக்கம்பக்கம் என்பது நமக்கு ஒரு வசதி. சிலருக்கு அதுதான் பிழைப்பு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். சிமெண்ட் கூரை கிடைத்தது, உண்மை. ஆனால் வருடக்கணக்காக ஒட்டி ஒட்டி வாழ்ந்த பல குடும்பங்கள் வேறு வேறு பிளாக்குகளுக்குப் பிரிந்தன. வீட்டுவேலை செய்யும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "அங்க புள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டு வேலைக்குப் போவேன். இங்க அஞ்சாவது மாடி. யார் வீட்ல விடுறது, யாருன்னே தெரியலியே." ஆறு மாதம் அவர் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் அதே மாடியில் இன்னொரு பெண்ணோடு ஒரு ஏற்பாடு: இவர் காலை வேலைக்கு, அவர் மாலை வேலைக்கு, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் யார் வீட்டில் இருக்கிறாரோ அவரிடம். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். லிஃப்ட் ஓடாத ஒரு நாள், தண்ணீர்க் குடத்தை ஒரு கை பிடிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

என் மாமியார் 2018இல் காலமானார். உறைமோர் கொடுத்த அந்தப் பெண்தான் பக்கத்தில் இருந்தார். கிண்ணம் இப்போது எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

கீழே பொங்கல் இறக்கியாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள், முடித்துவிடுகிறேன். நான் உள்ளே வரும்போது 'சி' பிளாக் வாசலில் ஒரு குடும்பம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு வயதானவரும் இருந்தார், கைத்தடியோடு. அவர்கள் இந்தக் கூட்டத்தில் இல்லை. பந்தி முடிந்ததும் அந்த மாடியில் இருப்பவர்கள் யாராவது இரண்டு பேர் என்னோடு வாருங்கள், பொங்கல் கொண்டுபோக வேண்டும். தூக்குவாளி நான் எடுத்து வந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.